பச்சை மையில் நாற்பத்திரண்டு டிக்

வெள்ளிக்கிழமை, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நம் வீட்டுக் குளியலறையில் கடந்த ஒரு மாத காலமாக அரும்பணி ஆற்றிவந்த மஞ்சள் நிறச் சோப்பு, இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு என் கையிலிருந்து நழுவி, வடிகால் ஓட்டை வழியாகத் தன் இறுதிப் பயணத்தைத் தொடங்கிவிட்டது. இதற்கு இணைப்பாக வரவேண்டிய புதுச் சோப்பு காலவரையின்றித் தாமதமாக வரும். இதனால் ஏற்படும் நாற்றத்துக்கு வருந்துகிறோம்.

மேலே உள்ளதை அம்மா ரயில் நிலையத்து மைக்கில் சொல்கிற ராகத்திலேயே படித்துக்கொள். அவள் தொண்டை ஆறி மைக்குக்குத் திரும்பும் வரைக்கும் குடும்பத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பாளன் நான்தான். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

இங்கே நான் முழு நலம். அம்மா முக்கால் நலம். மீதிக் கால் நலத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். பதறாதே, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. பதறுவாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வீட்டில் இருக்கும் ஒரே போன் அம்மாவுடையது. ஞாயிற்றுக்கிழமை நீ விடுதியிலிருந்து கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். நான் வாயைத் திறந்தால் அவள் புருவம் தூக்குகிறாள். என் போன்தான் லீவு முடிந்து பள்ளி திறக்கும் வரைக்கும் தலைமையாசிரியரின் மேஜை இழுப்பறைக்குள் சிறையில் இருக்கிறதே. பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது அம்மாவின் குரலில் "மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று அது கத்தியதும், கடைசி பெஞ்சிலிருந்து நாலு பேர் எழுந்து பையை எடுத்ததும் நினைவிருக்கிறதா? அந்தப் பதிவுக்காகவாவது போனை மீட்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்னால் இருந்த அம்மாவின் குரல் வேறு எதிலும் இல்லை.

முதலில் என் சாதனைகளைச் சொல்லிவிடுகிறேன். நீ ஊருக்குப் போன அன்றே உன் அறையைக் கைப்பற்றிவிட்டேன். கட்டில் என்னுடையது, ஜன்னல் என்னுடையது, மேஜை விளக்கு என்னுடையது. உன் உடற்கூறு புத்தகத்தில் இருந்த எலும்புக்கூட்டுக்கு மீசை வரைந்தாயிற்று. நீ இல்லாததால் வீட்டில் ஆள் குறைந்த மாதிரியே தெரியவில்லை. ஒரு கரடி குறைந்த மாதிரிதான் இருக்கிறது. ராஜாவாக இருக்கிறேன்.

அடுத்தது உன் சார்ட். அதைப் பற்றித்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

கிளம்பும் முன்னால் நீ சாப்பாட்டு மேஜையில் நாலு அரிசியை வைத்து எனக்குப் பாடம் நடத்தினாய். தைராய்டுக்குப் பின்னால் இந்த அளவில் நாலு சுரப்பி இருக்கும், ரத்தத்தில் கால்சியத்தைக் கவனித்துக்கொள்வது அதுங்கதான், தைராய்டை வெட்டி எடுத்த அதிர்ச்சியில் மயங்கிக் கிடக்குதுங்க, எழுந்து வேலைக்கு வரும் வரைக்கும் நாமதான் மாத்திரையால கால்சியம் கொடுத்துச் சமாளிக்கணும் என்றாய். அன்றிலிருந்து நான் அவற்றை நாலு தூங்குமூஞ்சிகள் என்றுதான் சொல்கிறேன். "காலையில உங்க தூங்குமூஞ்சிங்க எழுந்துச்சா?" என்று கேட்டால் அம்மா கழுத்துக் கட்டைத் தடவிக்கொண்டு இல்லை என்று தலையாட்டுவாள்.

பிறகு நீ அந்தச் சார்ட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாய். ஞாயிறு தொடங்கி இரண்டு வாரம், நாளைக்கு மூன்று கட்டம். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. அதற்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் சண்டை போடும் என்றாய், நம்மைப் போல. கால்சியம் பத்து மணிக்கு, இரண்டு மணிக்கு, ஆறு மணிக்கு. ஒவ்வொரு தடவையும் மாத்திரையை விழுங்கினாளா என்று பார்த்துவிட்டு, உதட்டைச் சுற்றி, விரல் நுனியில், கால் விரலில் குறுகுறுவென்று இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றால் டிக் போட வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னாய். "நல்லாருக்கீங்களான்னு மட்டும் கேக்காதேடா. நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாங்க. குறுகுறுன்னு இருக்கான்னு கேளு."

சார்ட் சுத்தமாக நிரம்பியது, அக்கா. ஒரு கட்டம் விடவில்லை. பச்சை மை. அடித்தல் திருத்தல் கிடையாது. என் வாழ்க்கையில் இவ்வளவு அழகாக நான் வீட்டுப்பாடம் செய்ததே இல்லை.

முதல் செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுக்கக் கொசு அண்ணன் வந்தார். (பரிசோதனைக் கூடத்து அண்ணன்தான். பேர் வைத்தது நான். அவரே இப்போது கதவைத் தட்டி "கொசு வந்திருக்கு" என்கிறார்.) அன்று சாயங்காலம் அம்மாவின் கால்சியம் மார்க் வந்தது: எட்டு புள்ளி நாலு. பாஸ் மார்க் எட்டரை. புள்ளி ஒன்றில் போய்விட்டதே, கருணை மதிப்பெண் போட மாட்டீர்களா என்று அவரிடம் கேட்டேன். உன் கணக்குப் பேப்பருக்கே யாரும் போடலையேடா என்றார். அம்மா சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கும். அதைப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டேஷனில் இப்போது புது ஆள் ஒருத்தி அறிவிக்கிறாள். ரயில் வருவதைச் சொல்கிறாளா, ரயிலைத் திட்டுகிறாளா என்றே தெரியாது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அம்மாவுக்கு அது கேட்கும். அடுப்பு வேலையை நிறுத்திவிட்டு அங்கேயே நின்று, கூடவே உதட்டை அசைப்பாள். நடைமேடை எண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுவாளே, அதைக்கூட விடுவாள். போன வாரக் கடைசியிலிருந்து உதட்டைப் புறங்கையால் அடிக்கடி தேய்த்துக்கொண்டே இருந்தாள். மைக்குக்கு ஏங்கித்தான் அப்படிச் செய்கிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன். எனக்கும் ஏக்கமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு தெரு தள்ளி அவள் குரல் கேட்கும் இல்லையா, அப்போதெல்லாம் காதை மூடிக்கொண்டிருந்தேன், பசங்கள் கிண்டல் செய்வார்கள் என்று.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இந்த வாரச் செவ்வாய், மூணேகால் மணி இருக்கும். சமையலறைச் சுவரில் வெயில் விழுகிற நேரம். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். சுவரில் ஒரு வாத்து நிழல் தெரிந்தது. நீ, நான், அம்மா மூன்று பேரும் அந்தச் சுவரில் எத்தனை வாத்து விட்டிருப்போம். விரலெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நீண்டு, கட்டைவிரல் உள்ளே மடங்கி, மணிக்கட்டு வளைந்து, அச்சு அசலாக வாத்து. அம்மா அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் வாத்து வாயைத் திறக்கவே இல்லை.

உன் தம்பி என்ன செய்தான் தெரியுமா? கண நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான்! கால்சியம் குறைந்தால் கை இப்படி இழுத்துக்கொள்ளும் என்று நீ சொன்னதை மின்னல் வேகத்தில் நினைவுக்குக் கொண்டுவந்து, மாடி வீட்டு டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு, காரில் ஏற்றி, சார்ட்டை ஃபிரிட்ஜிலிருந்து பிய்த்துக் கையோடு எடுத்துக்கொண்டு, இருபது நிமிடத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். அங்கே நர்ஸ் காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் தட்டினார்கள். அம்மாவின் உதட்டோரம் ஒரு பக்கமாகத் துடித்தது. பிரஷர் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார்கள். இன்னொரு கையிலும் வாத்து வந்தது. ரத்தம் எடுத்தார்கள். மார்க் ஆறு புள்ளி ஒன்பது.

கால்சியத்தை நரம்பில் மெதுவாகத்தான் ஏற்றுவார்களாம். அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் கோபித்துக்கொள்ளுமாம். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, திரையில் ஓடுகிற கோட்டைப் பார்த்துக்கொண்டே நர்ஸ் துளித்துளியாகச் செலுத்தினார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, பழையபடி கையாக மாறியதை என் கைக்குள்ளேயே உணர்ந்தேன். வியாழன் காலையில் எட்டு புள்ளி இரண்டு. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரையையும் மாற்றிவிட்டார்கள், மென்று சாப்பிடுகிற வகை, ஆரஞ்சு வாசனை வருகிறது. திங்கள்கிழமை கொசு அண்ணன் மறுபடி வருவார்.

டாக்டர் சார்ட்டை ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சார்ட்டை நான் பார்த்ததே இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சத்தியமாக அதே வார்த்தைகள்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அக்காவுக்கு அடுத்த மாதம் பரீட்சை, விஷயம் தெரிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள், மூச்சு விடாதே என்றாள். நானும் தலையாட்டினேன். அவளுக்கு நான் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு எழுதிவிட்டு எழுந்துபோய் அம்மாவுக்கு இரண்டு மணி மாத்திரை கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு குறை. பாதி பொய்.

அந்தக் கண நேரம் கண நேரம் இல்லை அக்கா. சுவரில் வாத்தைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், என் கையை நீட்டி ஒரு நாயை விட்டேன். குரைத்தேன். வாத்து பேசாமல் இருந்ததால் இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்க் குரைத்தேன். மூக்கைக் கடிக்க வைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருந்தேன், குடம் நிரம்பி வழிய ஆரம்பித்துவிட்டது. அப்புறம்தான் அம்மா அந்தக் காற்றுக் குரலில் சொன்னாள், "விளையாடலைடா. கை திரும்ப மாட்டேங்குது."

நீ சொன்ன பாடம் எதுவும் மின்னல் வேகத்தில் நினைவுக்கு வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. "அக்கா!" என்று கத்திக்கொண்டு உன் அறைக்கு ஓடினேன். கதவைத் திறந்து உள்ளே போய் நின்றேன். கட்டில் காலியாக இருந்தது. நீ போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது என்பது அங்கே நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாடிக்கு ஓடியது அதற்கப்புறம்.

அந்த அறையை நான் கைப்பற்றவும் இல்லை. சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைப்பேன், இருட்டுவதற்கு முன்னால் மூடுவேன், அவ்வளவுதான். போர்வையை நீ மடித்து வைத்த மடிப்பு அப்படியே இருக்கிறது. மீசை மட்டும் உண்மை. அதை ரப்பரால் அழிக்க முடியும், பென்சில்தான்.

சார்ட்டுக்கு வருகிறேன். நீ ரயிலேறின அன்றைக்கே, ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து, பச்சைப் பேனாவை எடுத்து நாற்பத்திரண்டு கட்டத்துக்கும் டிக் போட்டு முடித்துவிட்டேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. தினமும் மூன்று தடவை அந்த ஃபிரிட்ஜ் முன்னால் நின்று உன் கையெழுத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒரேயடியாக. அம்மாவிடம் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். அவள் விழுங்கினாளா என்று பார்க்கவில்லை. தொண்டையில் அது சாக்பீஸ் மாதிரி சிக்குகிறது, இருமல் வருகிறது, இருமினால் குரல் ஒரேயடியாகப் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். பயத்தில் மதிய மாத்திரையையும் சாயங்கால மாத்திரையையும் தையல் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள். நேற்று எண்ணினேன். பதினாறு. பட்டன்களோடு பட்டனாகக் கிடந்தன.

டாக்டர் சார்ட்டைப் பார்த்துச் சொன்னது உண்மை. அதற்கப்புறம் ஒன்று சொன்னார், அதைத்தான் மேலே எழுதாமல் விட்டேன். "இன்னைக்கு செவ்வாய்க்கிழமை தம்பி. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உங்கம்மாவுக்குக் குறுகுறுப்பு இருக்காதுன்னு எழுதியிருக்கே. உனக்கு எப்படித் தெரியும்?" திட்டவில்லை. கேட்கத்தான் கேட்டார். பக்கத்தில் டிரைவர் அண்ணன், நர்ஸ், எல்லாரும் இருந்தார்கள். எதையாவது சொல்லிச் சமாளிக்க என் வாய்க்கு எப்போதும் தெரியும். அன்றைக்கு அவரிடமிருந்து சார்ட்டை வாங்கி நாலாக மடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அம்மா படுத்தபடியே, ஒயர்களுக்கு நடுவிலிருந்து சொன்னாள். "அவன் தினமும் கேட்டான் டாக்டர். நான்தான் ஒண்ணும் இல்லன்னு பொய் சொன்னேன்." அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். மைக்கில் ஊருக்கே கேட்கும்படி பேசினவள், கட்டிலுக்கு அந்தப் பக்கம் கேட்காத குரலில் எனக்காகப் பொய் சொன்னாள். உன்னிடம் சொல்லாதே என்று அவள் சொன்னதுகூட உன் பரீட்சைக்காக மட்டும் இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். சார்ட்டை வாங்கி, பின்பக்கம் திருப்பி, அளவுகோல் வைத்து மூன்று கட்டம் போட்டாள். கை இன்னும் கொஞ்சம் நடுங்குவதால் கோடு வளைந்துதான் வந்தது. நேற்றைக்கு மூன்று கட்டம். இன்றைக்குக் காலையில் எழுந்து இன்றைக்கான மூன்று கட்டம். நாளைக்கு உள்ளதை நாளைக்குத்தான் போடுவாளாம். என்னை நன்றாகத் தெரிந்த ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள்.

நேற்று பத்து மணிக்கு முதல் முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. அம்மா நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, "இடது கால் கட்டைவிரல்ல லேசா" என்றாள். அதை அப்படியே எழுதினேன். டிக் போடவில்லை. இன்று காலையில் கட்டைவிரல் போய்விட்டது, சுண்டுவிரலில் மட்டும். இரண்டு மணிக்கு எதிலும் இல்லை. நம்பு, கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர நாலு நாள் ஆகும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்து போயிருக்கும். நீ கூப்பிட்டிருப்பாய். அம்மா எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். எல்லாம் நல்லா இருக்குக்கா என்று நான் சொல்லியிருப்பேன். நாளை மறுநாளுக்கு உள்ள டிக்கை இன்றைக்கே போடுகிற மாதிரிதான் இதுவும். அதனால் அந்தப் பொய்யை இப்போதே கோடு போட்டு அடித்துவிடுகிறேன்.

பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்காதே. பரீட்சையை எழுது. நீ வந்தால் அம்மா தான் சொன்னது சரியாகப் போயிற்று என்று என்னை ஒரு வருஷத்துக்குப் பார்ப்பாள். அந்த மஞ்சள் சோப்பு நீ விட்டுவிட்டுப் போனது. வடிகாலில் கையை விட்டு ரொம்ப நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. அதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது அம்மாவிடம் நீயே அந்தக் கேள்வியைக் கேள், ஸ்பீக்கரில் நானும் கேட்கிறேன். பிறகு ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனை என்னிடம் கொடுக்கச் சொல். என்னிடம் நல்லாருக்கியா என்று மட்டும் கேட்காதே அக்கா. நல்லாருக்கேன்னுதான் சொல்லுவேன்.

இப்படிக்கு,
இன்றைய கட்டத்தை மட்டும் நிரப்பியிருக்கும்
உன் வால்